சுழலும் ஈய ரவைகள்

துப்பாக்கி என்றவுடன் நம் நினைவுக்கு வருவது வெள்ளித்திரையின் கதாநாயகனே. நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமமின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருத்தல் குற்றமாகும். அமெரிக்காவிலோ தோட்டாவைத் தம் வீட்டு மேசைமீதே செய்துகொள்வோர் ஏராளம். அவர்கள் செய்யும் தோட்டாக்களுள் ஒன்று, பெரிய ரிவால்வருக்கான ரவைத் தோட்டா. இரண்டாமாண்டு இயற்பியல் மாணவனாகிய என் ஆர்வத்தைத் தூண்டியது அதுவே. வகுப்பில் நாம் படிக்கும் வட்ட இயக்கம் அதற்குள் ஒளிந்திருக்கிறது.

ரவைத் தோட்டாவில் ஒற்றைக் குண்டுக்குப் பதிலாகக் கடுகு போன்ற ஈய ரவைகள் இருக்கும். சாட்டைப் பாம்பையோ மாடு மேய்ப்போரையோ நினைக்க வேண்டாம். இது 'கிலுகிலுப்பைப் பாம்பு' எனப்படும் ராட்டில் பாம்பு உலவும் நாட்டின் பழக்கம். 'பஃபலோ பில்' என்று புகழ்பெற்ற கோடி, 1883-இல் தொடங்கிய தம் காட்சிகளில் குதிரைமீது விரைந்தபடி கண்ணாடி உருண்டைகளை உடைத்ததும் ரவைத் தோட்டாவால்தான். குண்டைப் பயன்படுத்தியிருந்தால் கூடாரத்துக்கு அப்பால் இருந்தவர் கதி என்ன?

செய்முறை கேட்பதற்கு எளிது. சுட்டபின் எஞ்சும் பித்தளைக் கூட்டைத் துப்புரவாக்கி, அடியில் புதிய பிரைமரை அழுத்துவர். மேலே வெடிமருந்து, அதன்மேல் ஓர் அட்டைத் தக்கை, பிறகு ரவைகள், மீண்டும் ஒரு தக்கை. இறுதியில் விளிம்பை மடித்துவிடுவர். தக்கைகளுக்குப் பதில் ரவை நிரப்பிய பிளாஸ்டிக் குப்பியைச் செருகுவதும் உண்டு. மருந்தின் வகையையும் அளவையும் சோதித்து அச்சிட்ட அட்டவணையில் பார்த்தே இடவேண்டும். இதில் ஊகத்துக்கு இடமில்லை; தவறினால் துப்பாக்கியே கையில் வெடிக்கும்.

ரிவால்வரில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஓர் அறை சுடும்போது மற்ற ஐந்து அறைகளும் சேர்ந்தே பின்னோக்கி உதைபடுகின்றன. உள்ளிருக்கும் ரவைகளோ நிலைமத்தால் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கின்றன. மேல் தக்கை தளர்ந்திருந்தால் அதைத் தள்ளிக்கொண்டு ரவைகள் வெளியே கசியும். சுழலும் உருளை சிக்கிக்கொள்ளும். பாம்பு எதிரே நிற்கும் நேரத்தில் இது நேர்ந்தால்?

இனி முக்கியச் செய்திக்கு வருவோம். ரிவால்வர்க் குழலின் உட்சுவரில் திருகுபோன்ற பள்ளங்கள் உண்டு. அவை ஒற்றைக் குண்டைப் பம்பரம்போல் சுழற்றி நேராகச் செலுத்துகின்றன. அதே பள்ளங்கள் ரவைகளைச் சிதறடிக்கின்றன.

கணக்கிட்டே பார்க்கலாம். 45 கோல்ட் ரிவால்வரில் 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று, அதாவது சுமார் 40.6 செ.மீ. ரவை வினாடிக்கு 300 மீட்டர் வேகத்தில் வெளிவருவதாகக் கொள்வோம். பள்ளத்தோடு முழுமையாகச் சுழன்றால் வினாடிக்கு ஏறத்தாழ 740 சுற்றுகள்! குழலின் ஆரம் 0.57 செ.மீ. ஆரத்தைக் கோணத் திசைவேகத்தால் பெருக்கினால், ஓரத்து ரவையின் தொடுகோட்டுத் திசைவேகம் வினாடிக்கு 26 மீட்டருக்குச் சற்று அதிகம். குழலைவிட்டு நீங்கியதும் அதைத் தடுத்து நிறுத்தச் சுவர் இல்லை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். இதை அப்பாவிடம் விளக்கியபோது, "கவணை விட்டதும் கல்லு போற மாதிரின்னு சொல்லேன்" என்றார். தொடுகோட்டுக்கு இதைவிட நல்ல விளக்கம் எந்த நூலிலும் நான் கண்டதில்லை.

3 மீட்டர் தொலைவைக் கடக்க வினாடியில் நூறில் ஒரு பங்கு போதும். அதற்குள் ஓரத்து ரவை 26 செ.மீ. விலகிவிடும். 2 மி.மீ. விட்டமுள்ள ரவைகள் 9 கிராமில் சுமார் 190 இருக்கும். அவை 53 செ.மீ. அகல வட்டத்தில் பரவினால், 12 சதுர செ.மீ.க்கு ஒரு ரவை. பாம்பின் தலையை 10 சதுர செ.மீ. என வைத்தால், ஒன்று படக்கூடும். 6 மீட்டரிலோ 46 சதுர செ.மீ.க்கு ஒன்றுதான்! நடைமுறையில் நடுப்பகுதி வெறுமையாகி, வளையம்போல் ரவைகள் விழுவதும் உண்டு. நேராகக் குறிவைத்த பாம்பு நடுவில் தப்பித்துக்கொள்ளும். ஆகவே இதை நம்புகிறவர் பாம்பை நெருங்கித்தான் தீரவேண்டும். விலகிச் செல்வதே மேல் என்பது என் எண்ணம்.

பள்ளமே இல்லாத குழலைச் செய்தாலென்ன என்று கேட்கத் தோன்றும். சட்டம் குறுக்கே நிற்கிறது. 1934-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டப்படி, ரவைத் தோட்டா சுடும் வழுவழுப்பான குழலுள்ள கைத்துப்பாக்கி தனிப் பதிவு தேவைப்படும் பிரிவில் சேர்ந்துவிடும். எனவே ரவைத் தோட்டாவும் ஏற்கும் 'டாரஸ் ஜட்ஜ்' போன்ற ரிவால்வர்களிலும் பள்ளங்கள் உண்டு. 'தாம்ஸன் சென்டர் கன்டெண்டர்' என்ற ஒற்றைத் தோட்டாக் கைத்துப்பாக்கிக்கு நுட்பமான வழி கண்டனர். குழலின் முனையில் ஒரு சிறு துண்டைத் திருகிப் பொருத்துவர். அதன் பள்ளங்கள் நேரானவை; சுழன்று வரும் ரவைகளின் சுழற்சியை வெளியேறும் முன்பே அவை தடுத்துவிடும். ஒற்றைக் குண்டு சுடுவதற்கு முன் அத்துண்டைக் கழற்றிவிட வேண்டும்.