காலின்ஸ் செட்டை ஷோகேஸில் வைக்கலாமா?

பழைய ஹாம் ரேடியோ செட் ஒன்று கைக்கு வந்தால் துடைத்து ஷோகேஸில் வைப்பதா, கரன்ட் கொடுத்து ஓட்டுவதா என்று வாசகர் ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். ஓட்டுங்கள் என்பதே என் பதில். பழம்பொருள் மேலுள்ள பாசத்தால் இதைச் சொல்லவில்லை. அத்தகைய கருவிகளில் எந்தப் பாகம் எதனால் கெடுகிறது என்று கணக்குப் பார்த்தால் வேறு முடிவுக்கு வர வழியில்லை. பொதுவாகப் பேசினால் விஷயம் பிடிபடாது. ஆகவே ஒரே ஒரு செட்டை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், சீடர் ராபிட்ஸ் நகரத்து காலின்ஸ் ரேடியோ நிறுவனம் 1959-இல் வெளியிட்ட கேடபிள்யூஎம்-2 டிரான்சீவர் அது. உலகெங்கும் ஹாம்கள் இன்றும் தேடி வாங்கும் செட் என்பதாலும், அதன் ஒவ்வொரு பாகத்தின் பலமும் பலவீனமும் பல பேர் கைபட்டுத் தெளிவாகிவிட்டது என்பதாலும் இந்த விவாதத்துக்கு இது தோதாக இருக்கும்.

நிறுவனத்தைத் தொடங்கிய ஆர்தர் காலின்ஸ் தாமே ஒரு ஹாம். 1925-இல், பதினைந்து வயதுப் பையனாக, வடதுருவப் பக்கம் போயிருந்த மக்மில்லன் குழுவினரோடு சொந்தமாகக் கட்டிய கருவியில் தொடர்பு வைத்திருந்தவர். 1933-இல் நிறுவனம் பிறந்தது. ஐம்பதுகளில் எஸ்எஸ்பி முறை பரவியபோது, அமெரிக்க விமானப்படைத் தளபதி கர்ட்டிஸ் லெமே தாமும் ஒரு ஹாம் என்பதால், காலின்ஸின் அமெச்சூர் செட்டுகளையே விமானங்களில் ஏற்றிச் சோதிக்கவைத்தார். கேடபிள்யூஎம்-2 அந்த வழியில் வந்தது. டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் ஒரே பெட்டிக்குள் இருந்து, முக்கியமான பாகங்களைப் பகிர்ந்துகொள்ளும். வெளியே தரும் சக்தி சுமார் 100 வாட். வியட்நாம் போர்க்காலத்தில் இதன் உடன்பிறப்பான கேடபிள்யூஎம்-2ஏ வழியாகச் சிப்பாய்களின் குரல் கடல் கடந்து வந்தது. அமெரிக்காவில் இருந்த ஹாம்கள் அந்தக் குரலைத் தொலைபேசியோடு இணைத்து வீடுகளுக்குக் கொண்டுசேர்த்தார்கள். அரிசோனாவின் செனட்டர் பாரி கோல்ட்வாட்டரின் நிலையமும் இந்த வேலையைச் செய்தது. அன்று இது அலங்காரப் பொருளாக இல்லை, ஓயாமல் உழைத்த கருவி என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

இந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்கு எஸ்எஸ்பி என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. ஆனால் ஒரு பக்கப்பட்டையை மட்டும் விட்டு மற்றதைத் தடுக்கும் வேலையை காலின்ஸ் எப்படிச் செய்தது என்பதை மட்டும் விலாவாரியாகச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. கேடபிள்யூஎம்-2-இன் நடுவில் விரல் நீளத்துக்கு ஒரு உலோகக் குழல் இருக்கிறது. அதுதான் மெக்கானிக்கல் ஃபில்டர். அதற்குள் போவது மின்சாரம், வெளியே வருவதும் மின்சாரம். இடையில் மட்டும் மின்சாரமே கிடையாது. ஒரு முனையில் உள்ள சுருளில் சிக்னல் பாயும்போது அதன் காந்தப்புலத்தால் நிக்கல் கம்பி ஒன்று நுண்ணளவு நீண்டு சுருங்குகிறது. டிரான்ஸ்ஃபார்மர் உறுமுவதற்குக் காரணமான அதே குணம்தான் இது. கம்பியின் துடிப்பு, வரிசையாக அடுக்கி மெல்லிய கம்பிகளால் பிணைத்த நிக்கல் கலவைத் தகடுகளுக்குப் போகிறது. நொடிக்குச் சுமார் 4,55,000 முறை, அதாவது 455 கிலோஹெர்ட்ஸில், அதிரும்படி கடைசல் பிடித்த தகடுகள் அவை. மிக்ஸி ஓடும்போது அலமாரியில் எல்லாப் பாத்திரமும் சும்மா இருக்க, ஒரே ஒரு தட்டு மட்டும் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் கிணுகிணுக்குமே, அந்தச் சங்கதிதான் இங்கே கருவியாகியிருக்கிறது. தமக்கு ஒத்துவராத அதிர்வைத் தகடுகள் அடுத்த தகட்டுக்குக் கடத்துவதில்லை. 2.1 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குள் அடங்குவது மட்டுமே மறுமுனைக்குப் போய், அங்குள்ள சுருளில் மறுபடி மின்சாரமாகிறது. பேசும்போதும் கேட்கும்போதும் இதே ஃபில்டர்தான். மேல் பக்கப்பட்டை வேண்டுமா, கீழ்ப் பக்கப்பட்டை வேண்டுமா என்பதற்கு ஃபில்டரைத் தொடுவதே இல்லை, 453.65, 456.35 கிலோஹெர்ட்ஸ் என்று இரண்டு கிரிஸ்டல்களில் ஒன்றை மாற்றிக்கொண்டால் போதும். இந்த செட்டில் பேசும் ஒவ்வொரு சொல்லும் ஒரு கணம் உலோகத்தின் நடுக்கமாக இருந்துவிட்டுத்தான் ஆண்டெனாவுக்குப் போகிறது.

இப்போது வாசகரின் கேள்விக்கு வருவோம். அந்தக் காலத்து ஃபில்டரை இன்று யாரும் புதிதாகச் செய்து தருவதில்லை. அப்படியானால் அதைத் தொடாமல் வைத்திருப்பதுதானே புத்திசாலித்தனம்? இதே குடும்பத்து ஃபில்டர்களைக் கொண்ட ஆர்-390ஏ என்ற ராணுவ ரிசீவர் இதற்கு விடை சொல்கிறது. அதன் சர்க்யூட்டில் சி553 என்று எண்ணிட்ட 0.01 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர் ஒன்று, வால்வின் உயர் மின்னழுத்தம் ஃபில்டரின் சுருளுக்குள் புகாமல் தடுக்கிறது. வயதாகி அது ஷார்ட் ஆனால், மயிரிழைபோன்ற சுருள் எரிந்துபோகும். விலைமதிக்க முடியாத ஃபில்டர் அன்றோடு குப்பை. அந்த ரிசீவரை வாங்கும் விவரமறிந்தவர்கள் முதல் வேலையாக சி553-ஐ மாற்றுவது இதனால்தான். ஃபில்டர் உழைத்துத் தேய்ந்து சாகவில்லை. காசு பெறாத ஒரு பக்கத்துப் பாகத்தை யாரும் கவனிக்காததால் செத்தது. ஷோகேஸ் இந்தக் கெப்பாசிட்டரை இளமையாக வைத்திருக்காது. பவர் சப்ளையில் இருக்கும் எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்களின் கதை இன்னும் மோசம். அவற்றின் உள்ளே தகட்டின் மேல் படர்ந்திருக்கும் ஆக்சைடு படலம்தான் மின்சாரத்தைத் தடுக்கிறது. மின்னழுத்தம் கிடைத்துக்கொண்டிருக்கும்வரை படலம் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். வருஷக்கணக்கில் சும்மா கிடந்தால் மெலிந்துவிடும். பேண்ட் சுவிட்சின் வெள்ளித் தொடுமுனைகள் கறுக்கின்றன, டயலைச் சுழற்றும் அச்சில் கிரீஸ் பிசினாகிறது. சும்மா இருத்தலும் ஒருவகைத் தேய்மானமே.

ஓட்டினால் வால்வுகள் தேயுமே என்பது நியாயமான ஆட்சேபம். தேயும்தான். ஆனால் தேயும் என்று தெரிந்தே வடிவமைத்தவர்கள் அவற்றைச் சாக்கெட்டில் செருகி வைத்தார்கள். இறுதிக் கட்டத்தில் இருக்கும் இரண்டு 6146 வால்வுகள் 1952-இல் ஆர்சிஏ அறிமுகப்படுத்திய வகை. அமெச்சூர் செட், ராணுவ செட் என்று எத்தனையோ கருவிகளுக்காக ஏராளமாகத் தயாரானவை. இன்றும் தேடினால் கிடைப்பவை. அவற்றின் ஆயுளை நீட்டும் வழியும் உண்டு. அன்றைய அமெரிக்க வீட்டு மின்சாரத்துக்கு 115 வோல்ட் என்று கணக்கிட்ட பவர் சப்ளைக்கு இன்று 120-க்கு மேல் வருகிறது. 6.3 வோல்ட் பெற வேண்டிய இழைகள் அந்த விகிதத்தில் அதிகமாகக் கொதிக்கின்றன. எதிர்த்திசையில் சில வோல்ட்டைக் கழிக்கும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை முன்னால் வைத்தால் போதும். ஆக மொத்தக் கணக்கு இப்படி நிற்கிறது: உழைப்பால் தேயும் பாகத்தை மாற்ற முடியும், மாற்ற முடியாத ஃபில்டர் உழைப்பால் தேய்வதில்லை. சில ஃபில்டர்களுக்குள் தகடுகளைத் தாங்கும் நுரைப்பஞ்சு கூழாகிவிடுவது உண்டு என்றாலும், அது ஓட்டினாலும் நடக்கும், ஓட்டாவிட்டாலும் நடக்கும். பூட்டி வைப்பவருக்குக் கிடைக்கும் ஒரே வித்தியாசம், கெட்டுப்போனது தெரியாமல் இருப்பது.

ஓட்டுவது என்றால் பட்டனைத் தட்டுவது என்று அர்த்தம் இல்லை. முதலில் கிரிஸ்டல் காலிப்ரேட்டரைப் போட்டு, 100 கிலோஹெர்ட்ஸ் குறியில் டயலை நேர்செய்ய வேண்டும். பிறகு எக்ஸைட்டர் குமிழைத் திருப்பி மீட்டர் முள்ளை உச்சத்துக்குக் கொண்டுவர வேண்டும். அடுத்து இறுதிக் கட்டத்தின் டியூனிங் குமிழ். அதைத் திருப்பும்போது வால்வுகள் இழுக்கும் கரன்ட் ஓரிடத்தில் சட்டென்று இறங்கும். ‘டிப்’ என்பது இதைத்தான். சர்க்யூட் ஒத்திசைவுக்கு வந்த இடம் அது. லோடிங் குமிழால் கரன்ட்டைச் சற்றே கூட்டி, மறுபடி டிப் பார்த்து, கையேடு சொல்லும் அளவுக்கு வந்ததும் நிறுத்த வேண்டும். ஒத்திசைவு தவறிய நிலையில் குமிழைப் பிடித்துக்கொண்டு யோசித்தால், போகவேண்டிய சக்தி வெப்பமாகி வால்வின் தகடு செக்கச்செவேல் என்று சிவக்கும். புது செட்டுகளிலும் இதே பொருத்தம் நடக்கிறது, தானியங்கி ட்யூனர் இரண்டொரு விநாடியில் முடித்துவிடும். வசதிதான். ஆனால் ஆண்டெனாவின் ஒயர் அறுந்திருந்தால் டிப் மாறிவிட்டதை வைத்துக் கையாலேயே கண்டுபிடிக்கிறவருக்கும், திரையில் எச்சரிக்கை வந்ததும் கடைக்காரரைக் கூப்பிடுகிறவருக்கும் உள்ள தூரம் சாதாரணமானதில்லை. அமெச்சூர் உரிமத்துக்குத் தேர்வு வைப்பதன் நோக்கமே முதலாமவரை உருவாக்குவதுதான்.

ஆபத்து என்ற ஆட்சேபத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். இதன் பவர் சப்ளை 800 வோல்ட் தருகிறது. அணைத்த பிறகும் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கும். அதை வடிக்கும் ரெசிஸ்டர் பழுதாகியிருந்தால் நெடுநேரம் தங்கும். ஒயரைப் பிடுங்கிவிட்டு, மீட்டரில் அளந்து, காப்பிட்ட கோலால் எர்த் செய்த பின்னரே உள்ளே கையை விட வேண்டும். நீண்ட நாள் தூங்கிய செட்டுக்கு வேரியாக் வைத்து மெல்ல மெல்ல மின்னழுத்தம் ஏற்றினால் போதும் என்று ஒரு யோசனை உலவுகிறது. ஆனால் ரெக்டிஃபயரும் வால்வாக இருக்கும் சப்ளையில் அதன் இழை போதிய அளவு சூடாகும்வரை ஒன்றும் கடத்தாது. சூடானதும் மொத்தமாகக் கடத்திவிடும். ஆகவே பழைய கெப்பாசிட்டரைத் தனியே சோதிப்பதோ புதிதாக மாற்றுவதோதான் வழி. இதெல்லாம் தெரியாதவர் திறக்கக் கூடாது என்பது உண்மை. தெரிந்துகொள்ளவே கூடாது என்பது அதிலிருந்து வரும் முடிவாகாது. தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கக் கற்றுக்கொள்ளலாம்.

இன்றைய செட்டுகள் எல்லா வகையிலும் மேல், பிறகு எதற்கு இந்தப் பாடு என்பார்கள். பல வகைகளில் மேல்தான். மோர்ஸுக்கு கேடபிள்யூஎம்-2 நல்ல செட் இல்லை. அதற்கான குறுகிய ஃபில்டர் இதில் கிடையாது. 160 மீட்டர் பட்டை இதற்கு எட்டாது. எஃப்டி8 போல முழுச் சக்தியைத் தொடர்ந்து கேட்கும் டிஜிட்டல் முறைகளில் ஓட்டினால் 6146-கள் வெந்துவிடும். ஆனால் பழசு என்பதால் இது அலைவரிசையை அசுத்தமாக்கும் என்பது தவறு. இறுதிக் கட்டத்திலிருந்து ஒரு பங்கு சிக்னலைப் பின்னோக்கிக் கொடுத்துத் திரிபைக் குறைக்கும் ஏற்பாடு இதில் 1959-லேயே இருக்கிறது. உயர் மின்னழுத்தத்தில் ஓடும் வால்வுகள், 12 வோல்ட்டில் திணறும் டிரான்சிஸ்டர்களைவிடச் சுத்தமான சிக்னலைத் தருவதும் உண்டு. அக்கம்பக்கத்து அலைவரிசையைக் கெடுப்பது பெரும்பாலும் மைக் கெயினை முறுக்கி வைக்கும் ஆள்தான். வயதைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

எனக்குக் குறை சேகரிப்பாளர்கள் மேல்தான். காலின்ஸ் செட்டின் முகப்பில் ஆரம்ப ஆண்டுகளில் சிறகு முத்திரையும் பின்னால் வட்ட முத்திரையும் வந்தன. வட்ட முத்திரைக்கு அதிக விலை என்று பேரம் நடக்கிறது. பிந்தைய தயாரிப்புகளில் சில திருத்தங்கள் சேர்ந்திருப்பதால் அதற்கு ஓரளவு காரணமும் உண்டு. ஆனால் முத்திரையைப் பார்க்கும் கண் உள்ளே கெப்பாசிட்டர் கசிகிறதா என்று பார்ப்பதில்லை. இந்த செட்டோடு வந்த கையேட்டில் முழு சர்க்யூட் படமும், எந்த வால்வின் எந்தக் காலில் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும் என்ற அட்டவணையும் அச்சாகியிருக்கின்றன. வாங்கியவர் ரிப்பேர் பார்ப்பார் என்று எதிர்பார்த்துத் தயாரிப்பாளரே கொடுத்த அனுமதி அது. இன்று சொந்தக்காரர் திறக்கவே கூடாது என்று எண்ணிக் கட்டும் சாமான்களுக்கு நடுவே, அந்த அனுமதியைப் பயன்படுத்தாமல் கண்ணாடிக்குள் பூட்டுவது வீண். தாத்தா காலத்து வால்வு ரேடியோ உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால் உங்களுக்கும் இதே அறிவுரைதான். ஆசைப்பட்டு நேராக பிளக்கில் செருகிவிடாதீர்கள். கெப்பாசிட்டர்களைச் சோதித்து மாற்றத் தெரிந்தவரிடம் கொடுத்து, அவர் செய்வதைப் பக்கத்தில் இருந்து பாருங்கள். அதன் பிறகு மாதம் ஒருமுறையாவது ஓட்டுங்கள்.