தொண்டையில் குழாய் இறங்குமுன்

எண்டோஸ்கோப்பி எடுக்க வேண்டும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த நொடியில் பலருக்குப் பயம் தொடங்கிவிடுகிறது. வயிற்றுக்குள் என்ன கோளாறு என்று பார்ப்பதற்காக மட்டும் செய்யப்படும் பரிசோதனை பெரும்பாலும் ஐந்து முதல் பத்து நிமிடங்களில் முடிந்துவிடும். அதைப் பற்றிய நினைப்போ நாட்கணக்கில் தூக்கத்தைக் கெடுக்கிறது. "அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டே மாதங்களைக் கடத்துபவர்களும் உண்டு. குடற்புண்ணும் ரத்தக்கசிவும், ஏன், ஆரம்ப நிலைப் புற்றுநோயும்கூட அந்த இடைவெளியில் முற்றிவிடலாம். அதனால் இந்தப் பயத்தை வெறும் கோழைத்தனம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. நோயைக் கவனிப்பதைப் போலவே இதையும் கவனித்தாக வேண்டும்.

இந்தப் பயத்துக்கு உடலிலேயே காரணம் இருக்கிறது. தொண்டையின் பின்பக்கத்தை எது தொட்டாலும் ஓங்கரிப்பு வரும். வேண்டாத பொருள் மூச்சுக்குழாய்க்குள் போய்விடாமல் இருக்க உடல் வைத்திருக்கும் காவல் அது. மனம் பதறும்போது அட்ரினலின் சுரக்கிறது. நெஞ்சு படபடக்கிறது, வாய் உலர்கிறது, கழுத்தும் தோளும் இறுகுகின்றன, மூச்சு அரைகுறையாக ஓடுகிறது. இறுகிய தொண்டைக்குள் குழாய் எளிதில் இறங்காது. ஓங்கரிப்பும் கூடுதலாக வரும். அது பயத்தை இன்னும் ஏற்றிவிடும். இந்தச் சுழற்சியை எங்காவது ஓரிடத்தில் அறுத்தால் பரிசோதனையே சுலபமாகிறது.

எங்கே அறுப்பது என்ற கேள்விக்கு 1970களில் அமெரிக்காவில் ஒரு தெளிவான விடை கிடைத்தது. ஜீன் ஜான்சன் என்ற செவிலியர் ஆய்வாளரும் ஹோவர்ட் லெவந்தால் என்ற உளவியலாளரும் எண்டோஸ்கோப்பிக்கு வந்த நோயாளிகளிடமே ஆய்வு நடத்தினார்கள். பரிசோதனையின்போது நாக்கும் தொண்டையும் வயிறும் என்னென்ன உணரும் என்பதைச் சிலருக்கு முன்கூட்டியே விளக்கிச் சொன்னார்கள். அப்படிக் கேட்டுத் தெரிந்துகொண்டவர்களுக்கு ஓங்கரிப்பு குறைந்தது. மனதை அமைதிப்படுத்தும் மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. நடக்கப்போவது பிடிக்காத காரியம்தான் என்றாலும், அது எப்படி இருக்கும் என்று சரியாகத் தெரிந்திருந்ததே அவர்களைத் தாங்கிப் பிடித்தது. "ஒண்ணும் ஆகாது, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று வீட்டில் சொல்லும் ஆறுதலுக்கு இந்தப் பலம் கிடையாது. முதல் ஓங்கரிப்பிலேயே அந்த வாக்கு பொய்த்துவிடும். சொன்னதற்கு மாறாக ஏதோ நடக்கிறது என்று மனம் கலங்கிப்போகும்.

என்னென்ன உணரப்படும் என்பதை வரிசையாகப் பார்க்கலாம். பரிசோதனைக்கு முன் ஆறு மணி நேரமாவது வயிறு காலியாக இருக்க வேண்டும். தண்ணீரைப் பொதுவாக இரண்டு மணி நேரம் முன்புவரை குடிக்கலாம் என்றாலும், மருத்துவமனை சொல்லும் கணக்கையே பின்பற்ற வேண்டும். காலையில் ஒரு வாய் காபி குடித்தால் என்ன என்று நினைப்பவர்கள் பலர். பால் கலந்த காபி உணவுக் கணக்கில்தான் சேரும். வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடக் கூடாது என்பதற்காகவே இந்தக் கண்டிப்பு. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் நாள் குறிக்கும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும். சர்க்கரை நோயாளிகள் காலையில் முதல் ஆளாகப் போகக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

பரிசோதனை அறையில் பொய்ப்பல்லைக் கழற்றி வைக்கச் சொல்வார்கள். பிறகு லிக்னோகெயின் என்ற மரப்பு மருந்தைத் தொண்டையில் ஸ்ப்ரே அடிப்பார்கள். அது கசக்கும். ஓரிரு நிமிடத்தில் அடிநாக்கும் தொண்டையும் மரத்துப்போகும். தொண்டை வீங்கி அடைத்துக்கொண்டதைப் போலவும், எச்சிலை விழுங்க முடியாததைப் போலவும் தோன்றும். குழாய் உள்ளே போகும் முன்பே பலர் மிரண்டுபோவது இந்த இடத்தில்தான். உண்மையில் அங்கே எதுவும் அடைக்கவில்லை. விழுங்குவது உணர்வில் தெரியவில்லை, அவ்வளவுதான். மூச்சு வழக்கம்போல் போய் வருகிறது. மரத்துப்போனால் மருந்து சரியாக வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைப்பார்கள். முழங்காலைச் சற்று மடக்கி, முகவாயை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தச் சொல்வார்கள். விரல் நுனியில் ஒரு கிளிப் மாட்டப்படும். ரத்தத்தில் உள்ள ஆக்ஸிஜனையும் நாடித்துடிப்பையும் அது காட்டும். பக்கத்தில் கேட்கும் 'பீப்' ஒலி அதிலிருந்து வருவது. பற்களுக்கிடையே நடுவில் துளையுள்ள பிளாஸ்டிக் கடிப்பான் ஒன்றை வைப்பார்கள். குழாயைக் கடித்துவிடாமலும் பல்லுக்கு அடிபடாமலும் இருக்க அது வேண்டும். குழாயின் தடிமன் பொதுவாக 9 முதல் 10 மில்லிமீட்டர், அதாவது பெரியவர்களின் சுண்டுவிரலைவிடச் சற்று மெலிது. நீளமான கருப்புக் குழாயைக் கண்ணால் பார்த்ததுமே பதற்றம் கூடுபவர்கள் சுவரில் ஏதாவது ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

அடிநாக்கைக் கடந்து குழாய் உணவுக்குழாய்க்குள் நுழையும் சில விநாடிகள்தான் மொத்தப் பரிசோதனையிலும் கடினமானவை. "முழுங்குங்க" என்று மருத்துவர் சொல்லும்போது விழுங்கினால் அந்தக் கட்டம் சீக்கிரம் கடந்துவிடும். ஒன்றிரண்டு முறை ஓங்கரிப்பு வரலாம். கண்ணில் தண்ணீர் வருவதும் உண்டு. உணவுக்குழாய் வேறு, மூச்சுக்குழாய் வேறு. இறங்கிய குழாய் மூச்சின் பாதையை மறிப்பதில்லை. எச்சிலை விழுங்க முயலாமல் வாயோரம் வழிய விட்டுவிட வேண்டும்; செவிலியர் அதை உறிஞ்சி எடுத்துவிடுவார். மடிப்புகள் விரிந்து உட்சுவர் நன்றாகத் தெரிவதற்காக வயிற்றுக்குள் காற்று செலுத்துவார்கள். அதனால் வயிறு உப்பி ஏப்பம் வரும். நாலு பேர் முன்னால் இப்படிச் சத்தமாக ஏப்பம் விடுகிறோமே என்று பெண்களும் வயதானவர்களும் கூச்சப்படுவதுண்டு. அந்த அறையில் இருப்பவர்கள் அன்றாடம் கேட்கும் சத்தம்தான் அது. குழாயை வெளியே எடுப்பது மிக விரைவாக முடியும். நுழைக்கும்போது இருந்த சிரமம் அதில் இருக்காது.

இவ்வளவு நேரமும் கைகொடுப்பது மூச்சு. மூக்கால் நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விட வேண்டும். விடும் மூச்சு நீளும்போது வேகஸ் நரம்பின் வழியாக இதயத்துடிப்பு தணிகிறது, தோள்பட்டை இறங்குகிறது. இதைப் பரிசோதனை மேசையில் முதல்முறையாக முயன்றால் பலிக்காது. ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் இரண்டு வேளை, வாயைச் சற்றுத் திறந்து வைத்துக்கொண்டு மூக்கால் மட்டும் மூச்சு விட்டுப் பழக வேண்டும். இன்னொரு காரியமும் உண்டு. குழாய் உள்ளே இருக்கும்போது பேச முடியாது. ஆகவே, தாங்க முடியவில்லை என்றால் கையை உயர்த்துவதாக முன்பே செவிலியரிடம் சொல்லி வைக்கலாம். நிறுத்தச் சொல்லும் உரிமை தன் கையில் இருக்கிறது என்று தெரிந்தால் பயம் வெகுவாகக் குறையும்.

இன்றைய நோயாளி படும் சிரமம் முன்னோர் பட்டதில் ஒரு சிறு பங்குதான். 1868இல் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் அடோல்ஃப் குஸ்மால் என்ற மருத்துவர் உயிருள்ள மனிதரின் இரைப்பைக்குள் பார்க்க முயன்றபோது அவரிடம் இருந்தது வளையாத உலோகக் குழாய். அதை விழுங்கிக் காட்ட வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரைத்தான் அவர் தேட வேண்டியிருந்தது. பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் பிரிட்டனைச் சேர்ந்த ஹெரால்டு ஹாப்கின்ஸும் 1954இல் மெல்லிய கண்ணாடி இழைக் கற்றை வழியாகப் படத்தைக் கடத்த முடியும் என்று காட்டினார்கள். அவர்களின் ஆய்வைப் படித்து, வளையும் எண்டோஸ்கோப்பை உருவாக்கிய பாசில் ஹிர்ஷோவிட்ஸ் 1957இல் முதலில் அதைத் தாமே விழுங்கிப் பார்த்தார். பிறகுதான் நோயாளிக்குச் செலுத்தினார். கருவியை உருவாக்கியவர் அதன் உபாதையைத் தன் தொண்டையில் முதலில் அறிந்திருந்தார் என்பது மதிக்க வேண்டிய செய்தி.

எல்லாம் தெரிந்த பிறகும் பயம் அடங்காதவர்கள் மயக்கம் தரும் ஊசியைக் கேட்கத் தயங்க வேண்டாம். கையில் வென்ஃப்ளான் என்ற ஊசிக்குழாய் போட்டு மிடசோலம் போன்ற மருந்தைச் செலுத்துவார்கள். அரைத்தூக்கமாக இருக்கும், நடந்தது பலருக்குப் பின்னால் நினைவிலேயே இருக்காது. இதற்கும் விலை உண்டு. துணைக்கு ஆள் வேண்டும், அன்று வண்டி ஓட்டக் கூடாது, முக்கியமான பத்திரங்களில் கையெழுத்திடக் கூடாது. நுரையீரல் நோயோ, தூக்கத்தில் மூச்சு நின்று வரும் கோளாறோ இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். சில மருத்துவமனைகளில் மூக்கு வழியாகச் செலுத்தும் 5, 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள மெல்லிய குழாயும் இருக்கிறது. அடிநாக்கைத் தொடாது என்பதால் அதில் ஓங்கரிப்பு குறைவு.

விவரம் தெரிந்தால் பயம் குறையும் என்பது பொதுவிதிதான், ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவில் பொருந்தாது. சூசன் மில்லர், சார்லஸ் மங்கன் ஆகியோர் 1983இல் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்கு வந்த பெண்களிடம் இதை ஆராய்ந்தார்கள். துருவித் துருவிக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் இயல்புள்ளவர்களுக்கு நிறையச் சொன்னபோதும், நினைப்பைத் திசைதிருப்பிக்கொள்ளும் இயல்புள்ளவர்களுக்குக் குறைவாகச் சொன்னபோதும்தான் பதற்றம் தணிந்தது. ஆகவே பயப்படும் தாயிடமோ மாமனாரிடமோ வீட்டார் முதலில் கேட்க வேண்டியது, "என்ன செய்வாங்கன்னு சொல்லட்டுமா, வேண்டாமா?" என்பதுதான். சொல்ல வேண்டாம் என்பவரிடம் வீடியோவைப் போட்டுக் காட்டுவது கொடுமை. கேட்பவரிடம் மழுப்புவதும் அதே அளவு தவறு.

குழாயைவிட முடிவை நினைத்து நடுங்குபவர்களும் இருக்கிறார்கள். "சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கோம்" என்று கேட்டதும் பலர் அதைப் புற்றுநோய் என்றே முடிவு கட்டிவிடுகிறார்கள். அரிசி மணியைவிடச் சிறிய துணுக்கைக் கிள்ளி எடுப்பது மிகச் சாதாரணமான நடைமுறை. இரைப்பையின் உட்சுவர் இழுபட்டால் உணரும், கிள்ளினால் வலிக்காது. பெரும்பாலும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி இருக்கிறதா என்று பார்க்கவே அது எடுக்கப்படுகிறது. துணுக்கைப் பரிசோதனை மருந்தில் போட்டதும், மஞ்சளாக இருந்த அது இளஞ்சிவப்பாக மாறினால் கிருமி இருக்கிறது என்று பொருள். இந்தக் கிருமிக்கும் குடற்புண்ணுக்கும் உள்ள தொடர்பைக் கண்ட பேரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. இப்போது மாத்திரைகளாலேயே அதை ஒழித்துவிட முடிகிறது.

பரிசோதனை முடிந்து மரப்பு தெளிய அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் எதைக் குடித்தாலும் புரையேறலாம். முதலில் ஒரு வாய் தண்ணீர் குடித்துப் பார்த்து, சரியாக இறங்கினால் ஆறிய கஞ்சியோ இட்லியோ சாப்பிடலாம். தொண்டை எரிச்சல் ஓரிரு நாள் இருக்கும். கடுமையான நெஞ்சுவலி அல்லது வயிற்றுவலி, காய்ச்சல், ரத்த வாந்தி, தார்போல் கறுத்த மலம் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சிலருக்குச் சில மாதங்களோ வருடங்களோ கழித்து மீண்டும் இதே பரிசோதனை தேவைப்படும். டொனால்டு ரெடெல்மையரும் டேனியல் கானமனும் 1996இல் பெருங்குடல் எண்டோஸ்கோப்பி செய்துகொண்டவர்களிடம் நடத்திய ஆய்வின்படி, நினைவில் தங்குவது வலி நீடித்த நேரம் அல்ல. வலி உச்சத்தில் இருந்த கணமும் கடைசிச் சில நிமிடங்களுமே. ஆகவே குழாயை எடுத்ததும் அவசரமாக எழுந்துவிடாமல், சற்றுப் படுத்து மூச்சை ஆற்றிக்கொண்டு எழுவது அடுத்த முறைக்கும் உதவும். எது கைகொடுத்தது, எது தாங்க முடியவில்லை, என்ன ஊசி போட்டார்கள் என்பதை ரிப்போர்ட்டின் பின்பக்கத்திலேயே குறித்து வைத்து, அடுத்த முறை பரிசோதிக்கும் மருத்துவரிடம் முதலிலேயே காட்டிவிடலாம்.