வேங்கிக்காலுக்கு எத்தனை ஓட்டு?

திருவண்ணாமலையில் பஸ் ஏறி "கலெக்டர் ஆபீஸ் ஒன்னு" என்று டிக்கெட் கேட்டால், வேலூர் ரோட்டில் இறக்கிவிடுவார்கள். அந்த இடத்தின் பெயர் வேங்கிக்கால். 1989-ல் வட ஆற்காட்டைப் பிரித்து உருவான இந்த மாவட்டத்தில் 18 ஊராட்சி ஒன்றியங்கள், 860 கிராம ஊராட்சிகள் என்று கணக்கு. அந்த 860-ல் ஒன்றாக வேங்கிக்காலும் இருந்தது. மாவட்டத்தையே ஆளும் அலுவலகம் ஒரு கிராம ஊராட்சியின் எல்லைக்குள்!

இதில் ஒரு சுவாரஸ்யமும் உண்டு. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-ன் 205-ஆம் பிரிவின்படி, ஊராட்சித் தலைவரைப் பதவியிலிருந்து நீக்கும் அதிகாரம் கலெக்டருக்கு இருக்கிறது. ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தலைவரும், அவரை நீக்கக்கூடிய அதிகாரியும் ஒரே ஊரில்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

கிராமமா, டவுனா?

யாரைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை வேங்கிக்காலை "சென்சஸ் டவுன்" என்கிறது. அதற்கு மூன்று நிபந்தனைகள்: 5,000 பேருக்கு மேல் இருக்க வேண்டும், சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது இருக்க வேண்டும், வேலை பார்க்கும் ஆண்களில் 75 சதவீதம் பேராவது விவசாயம் அல்லாத தொழிலில் இருக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் இப்படி 376 ஊர்கள் இருந்தன.

ஆனால் ஒரு ஊரை நகராட்சி, மாநகராட்சி என்று ஆக்குவது மாநில அரசு. அரசு ஆணை வரும்வரை காகிதத்தில் அது கிராமம்தான். என் தொழில் பாஷையில் சொன்னால், ஒரே ஊர் இரண்டு டேட்டாபேஸில் இரண்டு விதமாகப் பதிவாகியிருக்கிறது. இரண்டையும் யாரும் ஒத்துப்பார்க்கவில்லை.

கிராமமாக இருப்பதில் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த நூறு நாள் வேலை ஊரகப் பகுதிக்கு மட்டும்தான் இருந்தது. வீட்டு வரியும் பொதுவாக டவுனைவிடக் குறைவு. அதே சமயம், டவுன் அளவுக்குச் சேரும் குப்பையையும் கழிவுநீரையும் ஒரு ஊராட்சியின் சின்ன வருமானத்தை வைத்துச் சமாளிக்க வேண்டும்.

நான்கு வாக்குச்சீட்டு

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் கடைசியாக நடந்தது 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில். பூத்துக்குள் போன ஒருவர் கையில் நான்கு சீட்டு: வார்டு உறுப்பினருக்கு ஒன்று, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். முதல் இரண்டிலும் கட்சிச் சின்னம் கிடையாது. ஊராட்சித் தலைவரை ஜனங்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஊராட்சிப் பணத்துக்குக் காசோலை போடுவதென்றால் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும்.

இதற்கு மேல் கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று இருந்ததில், பிறகு மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் சேர்ந்தன. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள யார் வேண்டுமானாலும் போய் உட்கார்ந்து, "அந்தத் தெருவுக்குப் போட்ட சிமெண்ட் ரோட்டுக்கு எவ்வளவு செலவாச்சு?" என்று கேட்கலாம். எல்லா ஊரிலும் இது ஒழுங்காக நடக்கிறதா என்பது வேறு கதை. ஆனால் கேட்கும் உரிமை அரசியலமைப்பிலேயே இடம் பிடித்த ஒரு சபையின் வழியாக வருகிறது.

மாநகராட்சி வந்த பிறகு

2024-ல் திருவண்ணாமலை நகராட்சி மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது. சுற்றியுள்ள ஊராட்சிகளோடு வேங்கிக்காலும் அந்த எல்லைக்குள் வந்தது. டவுனோடு ஒட்டி வளர்ந்த ஊருக்கு இது இயல்பான முடிவு என்றே தோன்றும். குடிநீர், பாதாளச் சாக்கடை, தெருவிளக்கு எல்லாவற்றையும் சேர்த்துத் திட்டமிட வேண்டுமென்றால் ஒரே நிர்வாகம் நல்லதுதான்.

ஆனால் ஓட்டுக் கணக்கைப் பாருங்கள். நான்கு ஓட்டு ஒரு ஓட்டாகச் சுருங்குகிறது, அதுவும் வார்டு கவுன்சிலருக்கு மட்டும். 2022 தேர்தலில் மேயர்களைக் கவுன்சிலர்கள் சேர்ந்துதான் தேர்ந்தெடுத்தார்கள். கிராம சபையும் இனி இல்லை. அதற்கு ஈடாக வார்டு குழு, பகுதி சபை என்று 2022-ல் விதிகள் வந்திருக்கின்றன.

இதைவிடப் பெரிய சிக்கல் இடைப்பட்ட காலம். ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. திருவண்ணாமலையின் 39 வார்டு கவுன்சிலர்களோ 2022 பிப்ரவரி 19-ல் தேர்வானவர்கள். அன்று வேங்கிக்கால் தனி ஊராட்சி. அந்தத் தேர்தலில் அந்த ஊர்க்காரர்களுக்கு ஓட்டே கிடையாது. ஆக அடுத்த நகர்ப்புறத் தேர்தல் வரும்வரை, தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் "நான் ஓட்டுப் போட்டவர்" என்று போய்க் கேட்க உள்ளாட்சியில் ஒருவர்கூட இல்லை. திருவண்ணாமலை எம்.பி.யும் தொகுதி எம்.எல்.ஏ.வும் இருக்கிறார்கள், வாஸ்தவம். குழாய்க்கு அவர்களையா தேடிப் போக முடியும்?

இது புதிய அனுபவமும் கிடையாது. 2016 உள்ளாட்சித் தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்த பிறகு, 2019 டிசம்பர்வரை தேர்தலே நடக்கவில்லை. மூன்று வருடத்துக்கு மேல் தமிழ்நாடு முழுக்கத் தனி அலுவலர்கள்தான் ஊராட்சிகளை நடத்தினார்கள். ஐந்து வருடம் முடிவதற்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்று அரசியலமைப்பின் 243-இ பிரிவு சொல்லியும் இந்த நிலை.

இனி கவனிக்க வேண்டியது வார்டு மறுவரையறை. பழைய ஊராட்சியை எத்தனை வார்டாகப் பிரிக்கிறார்கள், எந்தத் தெருவை எதோடு சேர்க்கிறார்கள் என்பதை வைத்துத்தான் வேங்கிக்காலின் குரல் மன்றத்தில் எவ்வளவு கேட்கும் என்பது முடிவாகும். வரைவு வெளியிட்டு ஆட்சேபணை கேட்பது வழக்கம். அதற்குக் கொடுக்கும் நாட்களும் குறைவு. அந்தப் பக்கம் வீடோ நிலமோ உறவோ இருந்தால், வரைவு வந்ததும் உங்கள் தெரு எந்த வார்டில் விழுகிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.