ஆன்-ரோடு விலைக்குள் எது வரி, எது வரியில்லை?

ஷோரூமில் கொடுக்கும் கொட்டேஷன் தாளில் எல்லோர் கண்ணும் போவது அடியில் இருக்கும் ஆன்-ரோடு விலைக்குத்தான். மத்திய, மாநில அரசுகள் பகிர்ந்துகொள்ளும் ஜிஎஸ்டி, மாநில அரசின் சாலை வரி, திரும்பக் கிடைக்கக்கூடிய வருமான வரிப் பிடித்தம், கட்டாயமே இல்லாத கட்டணங்கள் எல்லாம் அந்த ஒரு தொகைக்குள் அடங்கிவிடுகின்றன. இவற்றைப் பிரித்துப் பார்க்காதவர், அரசு கேட்காத பணத்தையும் வரி என்று நம்பிக் கட்டிவிடுகிறார்.

2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டர் நீளத்துக்கும் 1,200 சி.சி.க்கும் மிகாத பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். இந்த அளவைத் தாண்டினால் 40. மின்சாரக் கார்களுக்கு 5. தமிழ்நாட்டில் வாழ்நாள் சாலை வரி 2023 நவம்பரில் உயர்த்தப்பட்டது. 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 13 சதவீதம், அதற்கு மேல் 20 லட்சம் வரை 18, அதையும் தாண்டினால் 20. வாங்குபவரின் பணம் கரைவது இந்தப் படிகளில்தான். 9.90 லட்ச ரூபாய் காருக்குச் சாலை வரி 1,28,700 ரூபாய். சன்ரூஃப் உள்ள அடுத்த வேரியன்ட் 10.10 லட்சம் என்றால் வரி 1,81,800. விலையில் கூடுவது 20,000. வரியில் கூடுவது 53,100. "இருபதாயிரம்தான் சார் எக்ஸ்ட்ரா" என்று விற்பனையாளர் சொல்லும்போது இந்தக் கணக்கு வெளியே வருவதில்லை. இறக்குமதியில் சுமை இன்னும் பெரிது. முழுதாகக் கட்டமைத்து வரும் பெரிய பெட்ரோல் காருக்கு 70 சதவீதச் சுங்கம் விதித்தால், 100 ரூபாய் மதிப்பு 170 ஆகிறது. சுங்கத்தையும் சேர்த்த அந்தத் தொகைக்கு 40 சதவீத ஜிஎஸ்டி போட்டால் 238. சாலை வரி அதற்குப் பிறகுதான்.

கார் வாங்க வசதி இருப்பவர் வரி கட்டினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான், சாலைக்கும் பேருந்துக்கும் அரசுக்குப் பணம் வேண்டும். ஆனால் வரி என்று நினைத்துக் கொடுக்கும் பணம் அரசுக்குப் போகாவிட்டால் அந்த நியாயம் அங்கே செல்லாது. 'ஹேண்ட்லிங் சார்ஜ்' எந்தச் சட்டமும் விதித்த வரி அல்ல. எக்ஸ்டெண்டட் வாரண்டியும் ஆக்சஸரீஸும் உங்கள் விருப்பம். புதிய காருக்கு மூன்றாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அதை ஷோரூமிலேயே எடுப்பது கட்டாயமில்லை. வெளியே எடுத்தால் கேஷ்லெஸ் கிடைக்காது என்பார்கள். கேஷ்லெஸ் வசதி, காப்பீட்டு நிறுவனத்தின் பட்டியலில் அந்த ஒர்க்‌ஷாப் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. பாலிசியை எங்கே வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்ததல்ல. 10 லட்சத்தைத் தாண்டிய காருக்குப் பிடிக்கும் 1 சதவீத டிசிஎஸ் என்ற வருமான வரிப் பிடித்தம் உங்கள் பான் எண்ணில் வரவாகிறது. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம், மிஞ்சினால் திரும்பப் பெறலாம். கணக்கே தாக்கல் செய்யாத ஓய்வூதியர்கள் இந்தப் பணத்தை இழப்பது வருத்தத்துக்குரியது.

கறாராகக் கேட்டால் டெலிவரி தள்ளிப்போகும் என்ற பயத்தில்தான் பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். முன்பணம் கட்டுவதற்கு முன்பே, ஒவ்வொரு தொகையும் தனித்தனியாக எழுதிய கொட்டேஷனைக் கேட்டு வாங்குங்கள்; பேரம் உங்கள் பக்கம் இருப்பது அதுவரைதான். சாலை வரி ரசீதும் காப்பீட்டு ரசீதும் உங்களிடம் வாங்கிய தொகையோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒரு பொருளை வாங்கினால்தான் இன்னொன்று என்று நிபந்தனை போடுவது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி தடைக்குரிய வணிக நடைமுறை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அதில் தீராவிட்டால், 50 லட்சம் ரூபாய்க்குள் வாங்கிய காருக்கு நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம்.