நோய்க்கும் விதைக்கும் ஒரே ஊர்ப் பெயர்

காளஹஸ்தி நிலக்கடலையை முடக்கிய புழுவைத் திருப்பதி விஞ்ஞானிகள் விதையைக் கொண்டே மடக்கினார்கள். ஆனால் அந்த விதை வயலுக்குப் போய்ச் சேர வேண்டுமே!

செடியைப் பார்த்தால் பெரிய குறை தெரியாது. சற்றுக் குட்டை, அவ்வளவுதான். இலைகளோ வழக்கத்தைவிட அதிகப் பச்சை. பிடுங்கிப் பார்க்கும்போதுதான் விபரீதம் புரியும். காம்புகள் குறுகியிருக்கும். காய்களின் மேல் மஞ்சளும் பழுப்புமாகப் புண்கள். நோய் முற்றிய செடிகளில் காயின் ஓடு முழுவதும் நிறம் மாறிக் கிடக்கும். உடைத்தால் உள்ளே பருப்பு கெட்டிருக்காது, ஆனால் சிறுத்திருக்கும்.

ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில், காளஹஸ்தி வட்டார விவசாயிகள் இந்தக் கோலத்தை முதலில் கண்டது 1975-76ல். தமிழர்களுக்கு அந்த ஊர் திருக்காளத்தி. பொன்முகலி ஆற்றங்கரையில் உள்ள வாயுத் தலம். கண்ணப்ப நாயனார் கண்ணை அப்பிய இடம். பயிர் நோய் நூல்களில் அதற்கு வேறொரு கீர்த்தி கிடைத்தது. வேறெங்கும் அறியப்படாத நோய் என்பதால் அதற்கு 'காளஹஸ்தி மாலடி' என்று ஊரின் பெயரையே வைத்துவிட்டார்கள்.

காரணம் என்ன என்பதுதான் முதல் கேள்வி. நோய் இலையில் இல்லை, மண்ணுக்குள் இருந்தது. நிலக்கடலையின் விசேஷமே அதன் தலைவலியும் ஆயிற்று. பூ மண்ணுக்கு மேலே பூக்கிறது. பிறகு விழுது கீழே இறங்கி மண்ணுக்குள் காய் பிடிக்கிறது. அங்கே காத்திருந்தது கண்ணுக்குத் தெரியாத ஒரு நூற்புழு. 'டைலென்கோரிங்கஸ் பிரெவிலினியேட்டஸ்' என்பது அதன் அறிவியல் பெயர். நீளம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. வாயில் உள்ள ஊசி போன்ற உறுப்பால் குத்திச் சாற்றை உறிஞ்சுவது இந்த இனத்தின் வழக்கம். இந்தப் புழுதான் குற்றவாளி என்பதை டி.டி.ஆர். ரெட்டி, பி. சுப்ரமண்யம் உள்ளிட்ட ஐந்து விஞ்ஞானிகள் 1984ல் அமெரிக்காவின் 'பிளான்ட் டிசீஸ்' இதழில் எழுதி உலகுக்கு அறிவித்தார்கள். நோய் தெரிய வந்து அதற்குள் எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. நோய் கடுமையாகத் தாக்கிய வயல்களில் விளைச்சல் பாதிக்கு மேல் போயிருந்தது.

புழுவை எப்படி ஒழிப்பது? கார்போஃபியூரான் போன்ற குருணை மருந்தை மண்ணில் இடுவது ஒரு வழி. ஆனால் அது கடும் விஷம், செலவும் அதிகம். அப்படியே செலவழித்தாலும் புழு அடியோடு ஒழியப் போவதில்லை. மழையையும் கடனையும் நம்பி விதைப்பவருக்கு இது கட்டுப்படியாகாது. எனவே, புழுவோடு மல்லுக்கட்டுவதைவிடப் புழுவைச் சமாளிக்கும் செடியைத் தேடுவது மேல் என்று முடிவாயிற்று.

தேடல் நடந்த இடம் காளஹஸ்தியிலிருந்து சில பத்து கிலோமீட்டர் தொலைவில் உள்ள திருப்பதி. மலைக்குப் போகும் கூட்டத்தில் பலர் அறியாத இன்னொரு திருப்பதி அது. 1961லேயே அங்கு வேளாண்மைக் கல்லூரி வந்துவிட்டது. 1964ல் ஆந்திரப் பிரதேச வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவானது. 1996ல் அதற்கு ஆச்சார்ய என்.ஜி. ரங்கா பெயர் சூட்டப்பட்டது. அதன் வட்டார ஆராய்ச்சி நிலையத்தின் முக்கியப் பயிர்களில் ஒன்று நிலக்கடலை.

முறை எளிது, ஆனால் பொறுமை வேண்டும். புழு நிறைந்த மண்ணில் பல வகைக் கடலைகளை விதைத்து, பிடுங்கிப் பார்த்து, எதன் காய் சுத்தமாக வருகிறதோ அதை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழிக்க வேண்டும். மறுபருவம் மீண்டும் அதே வேலை. இப்படித் தேறிய டி.சி.ஜி.1518 என்ற கடலை, 'திருப்பதி-3' என்ற பெயரில் விவசாயிகளிடம் வந்தது. பின்னர் 2002ல் வந்த டி.சி.ஜி.எஸ்.320 என்ற ரகத்துக்கு வைக்கப்பட்ட பெயர்தான் சுவாரஸ்யமானது: 'காளஹஸ்தி'. நோய்க்குப் பெயர் கொடுத்த ஊரே அதைத் தாங்கும் விதைக்கும் பெயர் கொடுத்தது.

கதை இங்கே சுபமாக முடிந்திருக்கலாம். ஆனால் ரகம் வெளியாவது வேறு, வயலில் விளைவது வேறு. நிலக்கடலையில் இந்த இடைவெளி பெரிது. ஓர் ஏக்கருக்கு அறுபது கிலோவுக்குக் குறையாமல் பருப்பு வேண்டும். அறுவடையிலோ விதை எட்டுப் பத்து மடங்குதான் பெருகும். நெல்லில் அது நூறு மடங்கு வரை போகும். ஆகவே புதிய கடலை ரகம் ஊர் ஊராகப் பரவப் பல ஆண்டுகள் பிடிக்கின்றன. லாபம் குறைவு, மூட்டையோ கனம் என்பதால் தனியார் விதைக் கம்பெனிகளுக்கும் இதில் பெரிய ஆர்வம் இல்லை. அரசின் மானிய விநியோகத்தில் கதிரி-6 ரகமே பல ஆண்டுகள் கோலோச்சியது. ஒரு வட்டாரத்தின் மண்ணுக்கென்றே உருவான விதை, மாநிலம் முழுமைக்குமான பட்டியலில் பின்வரிசைக்குப் போய்விடுவது இயல்பு.

விவசாயிக்குச் சாதகமான அம்சமும் ஒன்று உண்டு. நிலக்கடலை தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர். வீரிய ஒட்டு விதைபோல ஆண்டுதோறும் கடைக்கு ஓட வேண்டாம். கலப்பில்லாமல் எடுத்து வைத்தால் சொந்த விதையே போதும். ஒருவர் நிலத்தில் நன்றாக வந்தால் பக்கத்து நிலத்துக்காரர் மூட்டை மாற்றிக்கொள்வார். கிராமங்களின் பழைய விரிவாக்கப் பணி இதுதான். பல்கலைக்கழகம் செய்ய வேண்டியது முதல் சில மூட்டை நல்ல விதையைக் கொடுப்பதும், எந்த நிலத்தில் புழு இருக்கிறது என்பதை மண்ணைச் சோதித்துச் சொல்வதும். வேளாண் அறிவியல் நிலையங்களும், 2020ல் ஆந்திர கிராமங்களில் தொடங்கிய விவசாய சேவை மையங்களும் இதற்குக் கை கொடுக்க முடியும்.

அவசரம் ஏன்? திருப்பதி நிலையமே அடுத்தடுத்து வேறு ரகங்களையும் தந்திருக்கிறது. வறட்சியைத் தாங்கும் 'தரணி' அவற்றில் ஒன்று. மழை பொய்க்கும் ஆண்டுகளில் விவசாயியின் கவனம் அந்தப் பக்கம் திரும்புவது நியாயமே. ஆனால் வறட்சியைத் தாங்கும் விதை புழுவையும் தாங்கும் என்று உத்தரவாதம் ஏதும் இல்லை. புழுவும் நிலத்தை விட்டுப் போய்விடவில்லை. தாங்கும் ரகம் இருந்தவரை நோய் கண்ணில் படவில்லை. கண்ணில் படாததால் நினைவிலும் இல்லை.

2022 ஏப்ரலில் சித்தூர் மாவட்டம் பிரிந்தபோது காளஹஸ்தி, புதிய திருப்பதி மாவட்டத்துக்குப் போனது. நோய் கண்ட நிலமும் தீர்வு கண்ட நிலையமும் இன்று ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன. வரைபடத்தில் குறைந்த தூரம் விதை விநியோகத்திலும் குறைந்தால், பச்சைப் பசேலென்ற செடியைப் பிடுங்கி அதிர்ந்து நிற்கும் நிலை இன்னொரு தலைமுறைக்கு வராது.