கணினி நினைவகம்: வேகத்துக்கு முன் பிழையின்மை

சென்ற பங்குனி மாதம், செய்யாத தவறுக்காக ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவரைக் கடிந்துகொண்டேன். அந்தத் தவறைச் செய்தது நான்தான் என்பது மூன்று வாரங்கள் கழித்துத்தான் தெரிந்தது. அந்த மூன்று வாரங்களில் கணினி நினைவகம் பற்றி நான் கற்றுக்கொண்டதை, பள்ளியில் கணினியைக் கையாளும் ஆசிரியர்கள் அனைவருக்கும் பயன்படும் என்ற எண்ணத்தில் இங்கே எழுதுகிறேன். நான் கணினி ஆசிரியர் அல்லன்; அறிவியல் நடத்தும் பட்டதாரி ஆசிரியர்.

குன்றக்குடியில் எங்கள் பள்ளி நூலகத்தில், முன்னாள் மாணவர்கள் வாங்கித் தந்த கணினி ஒன்று இருக்கிறது. நூலகப் புத்தகங்களின் பட்டியலை மாணவர்களே அதில் தமிழில் தட்டச்சு செய்து வந்தார்கள். கணினி மெதுவாக இயங்குகிறது என்று நான் சொன்னதைக் கேட்டு, காரைக்குடியில் கணினிக் கடையில் வேலை பார்க்கும் முன்னாள் மாணவர் ஒருவர் 8 ஜிபி ரேம் ஒன்றைக் கொண்டுவந்து பொருத்தினார். ஏற்கெனவே இருந்த ரேமில் 2666 என்றும் புதியதில் 3200 என்றும் அச்சிட்டிருந்தது. கணினியோ இரண்டையும் 2666 வேகத்திலேயே இயக்கியது.

‘3200 என்று போட்டிருக்கிறதே, ஏன் குறைவாக ஓட வேண்டும்?’ என்று எனக்குத் தோன்றியது. ஒரு காணொலியைப் பார்த்துவிட்டு, கணினி தொடங்கும்போது வரும் பயாஸ் திரைக்குள் சென்று வேகத்தை 3200 என்று நானே மாற்றினேன். கணினி நன்றாகத்தான் தொடங்கியது. பத்து நாட்கள் எந்தத் தொல்லையும் இல்லை.

பிறகு ஒரு மதியம், அந்த மாணவி தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது திரை நீலமானது. மறுபடி தொடங்கினால் பட்டியல் கோப்பு திறக்கவில்லை. “என்னம்மா செஞ்ச?” என்று சத்தம் போட்டேன். “நான் ஒண்ணுமே தொடல சார்” என்றார். நான் நம்பவில்லை. வைரஸ் என்று நினைத்து இயங்குதளத்தை இரண்டு முறை புதிதாக நிறுவினேன். இரண்டு முறையும் பாதியில் பிழை காட்டியது. அப்போதுதான் அந்த முன்னாள் மாணவர், “ரேமைச் சோதிச்சீங்களா சார்?” என்று கேட்டார்.

நினைவகத்துக்குள் என்ன நடக்கிறது?

ரேமில் ஒவ்வொரு பிட்டும் மிகச் சிறிய மின்தேக்கி ஒன்றில் மின்னூட்டமாக இருக்கிறது. மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0 என்று எளிமையாக வைத்துக்கொள்ளலாம். ஒரு மின்தேக்கி, ஒரு டிரான்சிஸ்டர் என்ற இந்த அமைப்புக்கு ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டு 1968இல் காப்புரிமை பெற்றார். இன்றுவரை அடிப்படை அதுதான்.

இந்த மின்தேக்கி, கசியும் மண்குடம் போன்றது. அப்படியே விட்டால் மின்னூட்டம் வடிந்துவிடும். ஆகவே சாதாரணமாக 64 மில்லிவினாடிக்குள் ஒவ்வொரு வரிசையையும் ஒருமுறை படித்து மீண்டும் நிரப்ப வேண்டும். வெப்பம் கூடினால் கசிவும் கூடும். சில்லின் வெப்பம் 85 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இரு மடங்கு அடிக்கடி நிரப்ப வேண்டும் என்பது தரவிதி. பெட்டிக்குள் தூசி அடைந்து காற்றோட்டம் குறைந்த கணினி, நம் ஊர் சித்திரை வெயிலில் கூடுதலாகத் தொல்லை தருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

3200 என்ற எண்ணைப் பலரும் மெகாஹெர்ட்ஸ் என்கிறோம். உண்மையில் அது வினாடிக்கு 3200 மில்லியன் முறை தரவு மாறுவதைக் குறிக்கிறது. டிடிஆர் வகையில் ஒரு கடிகாரத் துடிப்புக்கு இரண்டு முறை தரவு செல்வதால் கடிகாரத்தின் வேகம் 1600 மெகாஹெர்ட்ஸ்தான். ஒரு முறை தரவு செல்லக் கிடைக்கும் நேரம் 0.3125 நானோவினாடி. அந்த நேரத்தில் வெற்றிடத்தில் ஒளியே 10 சென்டிமீட்டர் கடக்காது. இயற்பியல் ஆசிரியர்கள் வகுப்பில் இதைக் கணக்காகவே கொடுக்கலாம். அவ்வளவு குறுகிய நேரத்துக்குள் 64 கம்பிகளிலும் வரும் மின்னழுத்தம் 0 அல்லது 1 என்று ஐயமில்லாமல் நிலைத்திருக்க வேண்டும்.

சொல்வதெழுதுதல் போல

வகுப்பில் சொல்வதெழுதுதல் நடத்துகிறோம். நாம் சொல்லும் வேகம், குழந்தை எழுதும் வேகம், இடையில் இருக்கும் இரைச்சல் மூன்றும் ஒத்துப்போனால்தான் பிழையில்லாமல் வரும். கணினியில் சொல்பவர் செயலிக்குள் இருக்கும் நினைவகக் கட்டுப்பாட்டி. எழுதுபவர் ரேம். இடைவெளி, மதர்போர்டில் இருக்கும் தடங்கள். ரேமின் மேல் இருக்கும் எண் எழுதுபவரின் திறமையை மட்டுமே சொல்கிறது. மற்ற இருவரும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுப்பார்களா என்பதை அந்தச் சீட்டு சொல்லாது.

இரண்டு வெவ்வேறு ரேம்களைப் போட்டால், மெதுவாக எழுதுபவரின் வேகத்துக்குத்தான் சொல்ல வேண்டும். எங்கள் கணினி தானாக 2666இல் ஓடியது இதனால்தான். அது சரியாகவே நடந்துகொண்டது. நான்தான் 2666க்கு உரிய பழைய ரேமையும் 3200இல் எழுதச் சொன்னேன்.

சீட்டில் உள்ள வேகத்திலும் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஜெடெக் என்ற தர அமைப்பு வகுத்தது. டிடிஆர்4 ரேமுக்கு அதன் மின்னழுத்தம் 1.2 வோல்ட். மற்றொன்று, தயாரிப்பாளர் அதற்கு மேல் சோதித்து உறுதி சொல்லும் வேகம். இதற்குப் பெரும்பாலும் 1.35 வோல்ட் தேவைப்படும். இந்த இரண்டாவது விவரம் எக்ஸ்எம்பி என்ற பெயரில் ரேமிலுள்ள ஒரு சிறு சில்லில் பதிந்திருக்கும். பயாஸில் அதைத் தேர்ந்தெடுத்தால் மட்டுமே செயல்படும். ‘புதிய ரேம் போட்டும் வேகம் குறைவாகக் காட்டுகிறதே’ என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இதுவே விடை.

ஒரு பிட் மாறினால் என்ன ஆகும்?

67 என்ற மதிப்பெண் இரும எண்ணில் 1000011. இதில் 32ஐக் குறிக்கும் பிட் 0இலிருந்து 1 ஆனால் மதிப்பெண் 99. 64ஐக் குறிக்கும் பிட் 1இலிருந்து 0 ஆனால் மதிப்பெண் 3.

தமிழாசிரியர்களுக்கு இன்னொரு செய்தி. யூனிகோடில் ‘ர’வின் எண் 2992, ‘ற’வின் எண் 2993. ‘ல’ 2994, ‘ள’ 2995. இந்த இணைகள் ஒவ்வொன்றிலும் கடைசி பிட் மட்டுமே வேறுபடுகிறது. ஒரே ஒரு பிட் புரண்டால் ‘கரை’ ‘கறை’ ஆகிவிடும். ‘மரம்’ ‘மறம்’ ஆகிவிடும். பழி தட்டச்சு செய்த பிள்ளையின் மேல்தான் விழும்.

2003 மே மாதம் பெல்ஜியம் நாட்டில் ஸ்கார்பேக் என்ற இடத்தில் நடந்த மின்னணு வாக்குப்பதிவில், ஒரு வேட்பாளருக்கு 4096 வாக்குகள் கூடுதலாகப் பதிவாயின. 4096 என்பது 2இன் 12ஆம் அடுக்கு, அதாவது சரியாக ஒரு பிட். விண்வெளிக் கதிர் ஒன்று நினைவகத்தைத் தாக்கியிருக்கலாம் என்று கருதப்படுகிறது. கூகுள் நிறுவனத்தின் சர்வர்களை ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்வு, ஓராண்டில் 8 சதவீதத்துக்கும் மேற்பட்ட ரேம் பலகைகளில் பிழை தென்பட்டதாகக் கூறியது. அத்தகைய சர்வர்களில் 64 பிட்டுக்கு 8 பிட் கூடுதலாக வைத்து, ஒரு பிட் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் ரேம் இருக்கும். நம் பள்ளியில் இருக்கும் சாதாரணக் கணினிகளில் பொதுவாக அந்த வசதி இருப்பதில்லை. ஆகவே சோதித்துப் பார்ப்பது நம் பொறுப்பு.

சோதிக்கும் முறை

மெம்டெஸ்ட்86+ என்ற இலவசக் கட்டற்ற மென்பொருளைப் பென்டிரைவில் போட்டு, அதிலிருந்து கணினியைத் தொடங்க வேண்டும். பென்டிரைவில் ஏற்கெனவே உள்ளவை அழிந்துவிடும் என்பதால் காலிப் பென்டிரைவை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த மென்பொருள் கணினியின் ஹார்டு டிஸ்கில் எதையும் எழுதாது. நினைவகம் முழுவதும் பல வடிவங்களில் 0, 1 எழுதித் திரும்பப் படித்து ஒப்பிடும். பிழை இருந்தால் சிவப்பில் காட்டும். எங்கள் கணினியில் முதல் சுற்று முடிவதற்குள்ளேயே சிவப்பு வரிகள் வந்துவிட்டன. அந்த மாணவியின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

அதன்பின் நாங்கள் பின்பற்றிய வரிசை இது:

1. பயாஸை இயல்பு நிலைக்குக் கொண்டுவந்து, குறைந்த வேகத்தில் சோதித்தோம். இந்த நிலையிலேயே பிழை வந்தால் ரேமோ ஸ்லாட்டோ பழுது. வேகத்தின் மேல் குற்றமில்லை.

2. மின்இணைப்பைத் துண்டித்து, ரேம்களைக் கழற்றி, பொன்னிறத் தொடுமுனைகளைத் துடைத்து, இருபுறத் தாழ்ப்பாளும் ‘கிளிக்’ என்று விழும்வரை மீண்டும் பொருத்தினோம். தொடுவதற்கு முன் பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு, உடலிலுள்ள நிலைமின்னை இறக்கிவிட வேண்டும்.

3. ஒவ்வொரு ரேமையும் தனித்தனியாகச் சோதித்தோம்.

4. செயலியும் மதர்போர்டும் எந்த வேகம்வரை ஏற்கும் என்று அவற்றின் கையேட்டில் பார்த்தோம். எங்கள் கணினியில் இரண்டும் 3200ஐ ஏற்கும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ரேம் போடுவதானால், பெரும்பாலும் செயலியிலிருந்து எண்ணி 2ஆவதிலும் 4ஆவதிலும் போடச் சொல்லியிருப்பார்கள்.

5. எண்களை நாமாக மாற்றாமல், தயாரிப்பாளர் தந்த எக்ஸ்எம்பியை மட்டும் தேர்ந்தெடுத்தோம். மின்னழுத்தத்தை நம் விருப்பத்துக்குக் கூட்டக் கூடாது.

6. மீண்டும் சோதனை. பிழை வந்தால் 2933, 2666, 2400 என்று ஒவ்வொரு படியாக இறங்கி, ஒவ்வொரு படியிலும் சோதிக்க வேண்டும்.

புதிய ரேம் தனியாக 3200இல் பிழையின்றி ஓடியது. பழையது 2666இல் பிழையின்றி ஓடியது. இரண்டும் சேர்ந்து 2666இல் நன்றாக ஓடின. 3200இல் மட்டும் பிழை. எந்த ரேமிலும் பழுதில்லை. பழுது என் அவசரத்தில் இருந்தது.

மாற்றத்துக்குப் பின் முதல்முறை தொடங்கும்போது திரை சிறிது நேரம் கருப்பாக இருக்கலாம். கணினி தானே ரேமைப் பழக்கிக்கொள்ளும் நேரம் அது. வெகுநேரமாகியும் தொடங்காவிட்டால், மின்இணைப்பைத் துண்டித்து, போர்டில் உள்ள வட்டமான சிறு பேட்டரியைச் சில நிமிடங்கள் கழற்றி மாட்டினால் பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பும்.

எத்தனை பிழைகள்வரை பொறுத்துக்கொள்ளலாம்? பூஜ்யம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது என்பது நினைவகத்தில் தேர்ச்சி ஆகாது. ஒரு சுற்று போதாது. குறைந்தது நான்கு சுற்றுகள், முடிந்தால் ஓர் இரவு முழுவதும் ஓட விடுங்கள். மின்தடை வரும் ஊரில் யுபிஎஸ் இருப்பது நல்லது.

ஓர் எச்சரிக்கை. துறை வழங்கிய கணினிகளையும் உத்தரவாதக் காலத்தில் உள்ளவற்றையும் நாமே திறக்கக் கூடாது. சோதனையில் பிழை வந்தால் அந்தத் திரையைப் படம் எடுத்து, பராமரிப்பவர்களிடம் கொடுத்தால் போதும். ‘கணினி சரியில்லை’ என்று சொல்வதைவிட அந்தப் படம் வேலையை விரைவாக முடிக்கும்.

அதற்குப் பிறகு

மறுநாள் அதே வகுப்பில், எல்லோர் முன்னிலையிலும் அந்த மாணவியிடம் மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்ல சார், ஆனா பட்டியல மறுபடி அடிக்கணுமா?” என்றுதான் கேட்டார். ஆமாம், அடிக்க வேண்டியிருந்தது. நகல் எடுத்து வைக்காததும் என் தவறுதான். இந்த முறை மூன்று மாணவர்களும் நானும் சேர்ந்து அடித்தோம். தினமும் பென்டிரைவில் ஒரு நகல் எடுத்தோம்.

ஜூன் மாதம் அந்த முன்னாள் மாணவர், புதியதைப் போன்றே இன்னொரு 3200 ரேமைக் கொண்டுவந்தார். பழையதைக் கழற்றிவிட்டு, ஒரே வகையான இரண்டையும் கையேடு சொன்ன ஸ்லாட்களில் போட்டு, எக்ஸ்எம்பியைத் தேர்ந்தெடுத்து, இரவு முழுவதும் சோதித்தோம். காலையில் திரையில் பிழை 0. இப்போது அந்தக் கணினியின் பக்கவாட்டில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: தேதி, மாற்றியது யார், என்ன மாற்றம், சோதனை முடிவு. முதல் வரியில் இருப்பது என் பெயர். அடுத்த சோதனையை நடத்தி இரண்டாவது வரியை எழுதியவர் அந்த மாணவி.