பாஸானதைக் கூட்டம் போட்டுக் கொண்டாடுவோம்

புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில், தொழிற்பேட்டைக்குப் பின்னால் மாலை வகுப்பு நடத்துகிறேன். பிள்ளைகளின் அப்பாக்கள் லாரிக்கு லோடு ஏற்றுகிறவர்கள். அம்மாக்களுக்குக் கம்பெனியில் ஷிப்டு வேலை. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முதன்முதலாக ஒரு பிள்ளையை அனுப்புகிற வீடு இங்கே இன்றும் உண்டு. ரிசல்ட் வந்ததும் தெருவில் பந்தல் போட்டு, பாஸான ஒவ்வொருவருக்கும் சால்வை போர்த்துவோம். "வெறும் பாஸுக்கு எதுக்கு டீச்சர் இவ்வளவு செலவு? நானூறு, நானூத்தம்பது வாங்கட்டும், அப்போ பண்ணலாம்" என்று சிலர் கேட்கிறார்கள். அவர்களுக்கு ஒரு பாராட்டுக் கூட்டத்தின் கதையைச் சொல்வேன்.

அந்தக் கூட்டம் நூறாண்டுகளுக்கு முன் பம்பாயில் நடந்தது. பீமராவ் என்ற பையன் இங்கிலீஷ் நாலாம் வகுப்பில் தேறியிருந்தான். மற்ற சமூகங்களில் அதை ஒரு சேதியாகக்கூட யாரும் பேசியிருக்க மாட்டார்கள். ஆனால் அவனுடைய சமூகத்தில் அந்தப் படியை எட்டிய முதல் பையன் அவன். சாக்கு விரித்துத் தனியே உட்காரவைக்கப்பட்டவன். பியூன் வந்து ஊற்றினால்தான் அவனுக்குப் பள்ளியில் தண்ணீர். சமூகத்தார் கூட்டம் போட நினைத்தார்கள். பையனுக்குத் தலைக்கனம் ஏறிவிடும் என்று அப்பா ராம்ஜி மறுத்தார். தாதா கேலுஸ்கர் என்ற எழுத்தாளர் பேசி அவரைச் சம்மதிக்க வைத்தார். கூட்டத்துக்குத் தலைமை வகித்த கேலுஸ்கரே, தாம் எழுதிய புத்தர் வரலாற்றைப் பையன் கையில் பரிசாகக் கொடுத்தார். 'புத்தரும் அவர் தம்மமும்' நூலுக்காக 1956இல் எழுதிய முன்னுரையில் அந்தப் பையன், அதாவது அம்பேத்கரே, இதைச் சொல்லியிருக்கிறார். தாம் பௌத்தத்தின் பக்கம் திரும்பியதற்கு அந்தப் புத்தகமே தொடக்கம் என்கிறார். அதே ஆண்டு அக்டோபர் 14ஆம் தேதி நாக்பூரில் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவினார்.

கதை அங்கிருந்து ஹங்கேரிக்குப் போகிறது. அந்த நாட்டின் வடகிழக்கே ஷயோகசா என்ற கிராமம். அங்கே ஊருக்கு ஒதுக்குப்புறமாக வாழ்கிறவர்கள் ரோமா மக்கள். ஜிப்ஸி என்று ஊரார் அழைப்பவர்கள். இவர்களின் முன்னோர் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து போனவர்கள் என்கிறார்கள் ஆய்வாளர்கள். ரோமா பிள்ளைகளைத் தனி வகுப்பில் உட்காரவைப்பதும், மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று முத்திரை குத்திச் சிறப்புப் பள்ளிக்கு அனுப்புவதும் அங்கே நெடுநாள் வழக்கம். அப்படி அனுப்பப்பட்ட இரண்டு இளைஞர்கள் தொடுத்த வழக்கில், 2013 ஜனவரியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஹங்கேரி அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

ஒர்ஷோஷ் யானோஷ் ஒரு ரோமா. தெர்தாக் திபோர் சமூகவியலாளர். அம்பேத்கரைப் பற்றிய புத்தகமொன்றைப் படித்த இருவருக்கும், தங்கள் ஊரின் கதையைப் படித்ததுபோல் இருந்திருக்கிறது. மகாராஷ்டிரம் வந்து அம்பேத்கர் வழிப் பௌத்தர்களைப் பார்த்துப் பேசினார்கள். திரும்பிப் போய் 'ஜெய் பீம்' என்ற பௌத்தச் சமூகத்தை அமைத்து, 2007இல் ஷயோகசாவில் அம்பேத்கர் பெயரில் உயர்நிலைப் பள்ளி திறந்தார்கள். பாதியில் படிப்பை விட்டவர்கள், கைக்குழந்தையோடு இருக்கும் இளம்பெண்கள் எனப் பலரும் அங்கே மறுபடி புத்தகம் எடுத்தார்கள்.

அவர்கள் தாண்ட வேண்டியது 'எரெட்ஷேகி' என்ற பொதுத்தேர்வு. நம் பிளஸ் டூ மாதிரி. ஹங்கேரிய மொழி, கணக்கு, வரலாறு, ஓர் அயல்மொழி, விரும்பி எடுக்கும் பாடம் ஒன்று. இதில் தேறாவிட்டால் பல்கலைக்கழக வாசலை மிதிக்க முடியாது. இந்தத் தேர்வுக்கு முன்பே அந்நாட்டுப் பள்ளிகளில் விடைபெறும் விழா நடக்கும். கடைசி வகுப்பு மாணவர்கள் முன்னால் போகிறவர் தோளில் கை வைத்து, வரிசையாகப் பாடிக்கொண்டே வகுப்பறை வகுப்பறையாக நடப்பார்கள். தோளில் சின்னத் துணிப்பை தொங்கும். அதில் உப்பு ரொட்டி, நாணயம், ஒரு பிடி மண் என்று வைத்துக் கொடுப்பது வழக்கம். குடும்பமே பூங்கொத்தோடு வந்து நிற்கும்.

வீட்டில் யாருமே அந்த வரிசையில் நடந்திராத ஒரு பெண் அப்படி நடந்தால் என்ன ஆகும்? ஓரமாக நின்று பார்க்கும் தங்கை, அடுத்து தன் முறை என்று நினைத்துக்கொள்வாள். கொண்டாட்டத்தின் வேலையே அதுதான். மதிப்பெண் பட்டியல் பிள்ளைக்குச் சொந்தம். பாராட்டுக் கூட்டம் தெருவுக்கே சொந்தம். சின்னப் பள்ளியில் ஏழெட்டுப் பேர் தேறினாலும், அதற்கு வெளியே எத்தனை கண்கள் பார்த்துக்கொண்டிருக்கின்றன என்பதையும் நாம் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஆகவே, இந்த வருஷமும் பந்தல் போடுகிறோம். முந்நூறு வாங்கியவனுக்கும் சால்வை உண்டு. இரண்டாம் தடவை எழுதித் தேறியவளை முதலில் மேடைக்கு அழைப்போம். சால்வையோடு ஆளுக்கொரு புத்தகமும் கொடுக்கப் போகிறோம். அதைத் தேர்ந்தெடுக்கத்தான் எனக்கு நேரம் பிடிக்கிறது. உங்கள் தெருவில் ஒரு பிள்ளை பாஸாகியிருந்தால், நீங்களும் நாலு பேரைக் கூட்டுங்கள். மைக் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. புத்தகம் மட்டும் நல்லதாக வாங்குங்கள்.